என்ன கறைன்னு சொல்லுங்க

கறையைக் கண்டதும் அக்கா முதலில் ஆளைத்தான் தேடுவார். தண்ணீர், துணி, உப்பு எல்லாம் அப்புறம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பளத்தின் மேல் மண்டியிடுவார். மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து மோந்து பார்ப்பார். விரலால் நூலைப் பிரித்து, கறை அடிவரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, அறையில் இருக்கிற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

“என்ன கறைன்னு சொல்லுங்க. எப்ப விழுந்துச்சுன்னு சொல்லுங்க. உள்ளதைச் சொன்னா எடுத்துடலாம்.”

எதிரில் நிற்பவர் கணக்கு எழுதுகிற கிராணியா, வெள்ளைக்காரத் துரையா, துரை வீட்டுக்கு வந்த பட்டாளத்துக்காரரா என்றெல்லாம் அந்தக் கேள்வி பார்க்காது. எல்லாரிடமும் ஒரே குரல். பதில் வரும்வரை கையைத் தண்ணீரில் நனைக்க மாட்டார்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில், கோலசிலாங்கூருக்கு வெளியே, கம்போங் குவாந்தானைத் தாண்டி உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசர காலம். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்களின் மடியையும் பையையும் வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டக்கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம்.

மேட்டில் பெரிய துரையின் பங்களா. நான் அங்கே சமையற்கட்டில் வேலை. அக்காவுக்கு வீடு கூட்டுவதும் துடைப்பதும் வேலை என்று பெயர். உண்மையில் அவருடைய ராஜ்யம் தரையில் விரித்திருந்த கம்பளங்கள்தான். கூடத்தில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, துரையின் ஆபீஸ் அறையில் ஒன்று. மூன்றும் கனத்த கம்பளி. அந்த நாளில் பங்களாவுக்கு வந்து போகாத பூட்ஸ் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள், போலீஸ், பட்டாளம் என்று வந்துகொண்டே இருப்பார்கள். சேறு, பீர், துப்பாக்கி எண்ணெய், குழம்பு எல்லாம் அந்தக் கம்பளங்களில்தான் வந்து விழும்.

எண்ணெய் என்றால் அரிசிமாவைத் தூவி ஊறவிடுவார். மெழுகுவர்த்தி மெழுகு என்றால் பழுப்புக் காகிதத்தை வைத்து இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டுவார். எதையும் தேய்க்க மாட்டார். நான் ஒரு நாள் உதவி செய்கிறேன் என்று துணியால் தேய்க்கப் போக, கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “தேய்ச்சா அது உள்ள போய் ஒளிஞ்சிக்கும் தங்கச்சி. ஒத்தி ஒத்தி எடு. வெளியேருந்து உள்ளுக்கு வா.”

ஒருமுறை விருந்துக்கு வந்த ஒரு துரை ஆபீஸ் அறையில் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போன பிறகு நாற்காலிக்கடியில் கரிய கறை. அக்கா கேட்டார். துரை சிரித்துக்கொண்டே “காப்பி” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். காப்பிக்கு உள்ளதை அக்கா செய்தார். கறை அகலமாக விரிந்து நீலமாயிற்று. அந்த ஈரத் துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, துரைமார்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவுக்கே போய் நின்றார்.

“துரை, உங்க காப்பி நீலமா இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, “மை, மை” என்றார்.

“அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம் லா,” என்று சொல்லிவிட்டு அக்கா என்னிடம் வந்து புளித்த பால் கேட்டார். பொழுது சாய்வதற்குள் அந்த இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. துரைசாணியே குனிந்து தேடிப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் சமையற்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தலை கொஞ்சம் உயர்ந்த மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு அக்காவின் பேர் வெளியே பரவிவிட்டது. செரண்டாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூடத் துரைசாணிகள் ஆள் அனுப்பினார்கள். இரும்புத் தகடு அடித்த லோரியில், துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவில், மடியில் உப்புப் பொட்டலமும் எலுமிச்சம்பழமுமாக அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து போவார். லயத்துப் பிள்ளைகள் வேலியோரம் நின்று கையசைப்பார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும்.

கோலசிலாங்கூர் டவுனில் பாயும் கம்பளமும் விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார், நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். அவர் மகளுக்கு நிக்காஹ். அதற்கு முதல் நாள் கூடத்துக் கம்பளத்தில் சிவப்பாக ஒரு பெரிய கறை. அக்காவை அழைத்துப்போக ஆள் வந்தது. வாளி தூக்க நானும் கூடப் போனேன்.

“சிராப்பு சர்பத்து கொட்டிடுச்சும்மா. பிள்ளைங்க வெளையாட்டு,” என்றார் வியாபாரி.

அக்கா மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்தார். கதவோரம் கல்யாணப் பெண் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம்.

“பாய், தப்பா நெனக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. பொண்ணு மட்டும் இருக்கட்டும்.”

என்னையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தணிந்த குரலில் பேச்சுக் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். கதவு திறந்தபோது கம்பளத்தில் ஈரம் மட்டும் இருந்தது. பெண் முகம் கழுவியிருந்தாள். வழியில் நான் அக்காவைத் துளைத்தெடுத்துவிட்டேன்.

“என்னக்கா அது? சிராப்புதானா?”

“கறை. போயிடுச்சில்ல?”

அவ்வளவுதான். கடைசிவரைக்கும் அவர் வாயிலிருந்து அது வரவில்லை. அக்காவிடம் உண்மையைச் சொன்னவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஊராரையெல்லாம் உண்மை கேட்கிற அக்காவைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் புருஷன் சயாமுக்கு ரயில்பாதை போடப் போனார், திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும். இந்தக் கைவேலையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். என்னிடம் கப்பலில் ஒரு சமையல்காரரிடம் என்றார். தோட்டக்காரரிடம் பினாங்கில் ஒரு செட்டியார் வீட்டில் என்றாராம். துரைசாணியிடம் அம்மா சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

“எதுதான்க்கா நெசம்?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“என் மேல ஏதாவது கறை இருந்தா கேளு. சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

பெருமாள் என்கிற பால்மரக்காரனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அக்காவை நான் நினைக்கும்போதெல்லாம் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

பெருமாளுக்குக் கைக்குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கவே, வேலிக்கு வெளியே மரத்தடியில் இருக்கிற முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைக்கிறதாக வேண்டிக்கொண்டிருந்தான். காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கொஞ்சம் அரிசியை வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். வாசல் சோதனையில் பிடித்துவிட்டார்கள்.

அன்று பெரிய துரையும் துரைசாணியும் கோலாலம்பூருக்குப் போயிருந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் சின்னத் துரை. இளவயது, புதிதாக வந்தவர். அவருக்கு முன்னால் இருந்தவரைச் சாலையில் வழிமறித்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தப் பயம் இவர் கண்ணில் எப்போதும் இருந்தது. எந்நேரமும் கையில் ஒரு கனத்த பிரம்பு வைத்திருப்பார். பெருமாளைக் காவல்காரர்கள் இரண்டு பேர் பங்களாவுக்கு இழுத்துவந்தார்கள். போலீசுக்குப் போன் போட வேண்டுமென்றால் போன் அங்கேதான் இருந்தது.

சமையற்கட்டில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. “யாருக்கு அரிசி? காட்டுல யாரு?” என்று சின்னத் துரையின் தமிழ். “சாமிக்குங்க தொரை, சாமிக்கு” என்று பெருமாளின் குரல். திரும்பத் திரும்ப அதே கேள்வி, அதே பதில். பிறகு ஓர் அடி. ஏதோ கனமாகத் தரையில் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு பெருமாளின் குரல் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனைக் கைத்தாங்கலாகப் பின்படி வழியே இறக்கிக் கொண்டுபோனார்கள். தலையில் அவன் சட்டையையே சுற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக லோரி நின்றது. அது புறப்படுவதற்குள் காவல்காரர்களிடம் சின்னத் துரை சொன்னது என் காதில் விழுந்தது. வாசலில் சோதனை போட்டதும் இவன் ஓடினான். ஓடும்போது மரக்கட்டை தடுக்கி விழுந்து மண்டை உடைந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அரிசியோடு பிடிபட்டவன் சாமிக்கு என்று சொன்னால் ஒருவேளை நம்புவார்கள். ஓடியவனை யார் நம்புவார்கள்? ஓடினான் என்றாலே காட்டு ஆள் என்று அர்த்தம். விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள்.

சின்னத் துரை அக்காவைக் கூப்பிட்டார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். ஆபீஸ் அறைக் கம்பளத்தின் நடுவில் இரத்தம், இன்னும் காயாமல் இருந்தது. அக்கா வழக்கம்போல மண்டியிட்டார். குனிந்து மோந்தார். நிமிர்ந்தார்.

“என்ன கறைன்னு சொல்லுங்க தொரை.”

“தெரியலையா உனக்கு? எடு.”

“சொன்னாதான் எடுக்க முடியும்.”

சின்னத் துரை அலமாரியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “ஒயின்,” என்றார். “ஒயின் கொட்டிருச்சு. சீக்கிரம் எடு.”

“ஒயினா தொரை?”

“ஒயின்!”

அக்கா எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, சுடுதண்ணி வை. தளதளன்னு கொதிக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும்தான் என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வெந்நீர் பட்டால் இரத்தம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் போகாது.

“அக்கா, அது ரத்தம்க்கா...”

“தொரை ஒயின்னு சொல்றாரு. ஒயினுக்குச் சுடுதண்ணிதான்.”

அவர் கண்ணைப் பார்த்தேன். அடுப்பை ஊதினேன்.

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அக்கா உள்ளே போனார். சின்னத் துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பைத் தூவி, கொதிக்கிற தண்ணீரைக் கறையின் மேல் பொறுமையாக ஊற்றினார். ஆவி எழும்பியது. ஒத்தினார், மறுபடி ஊற்றினார், மறுபடி ஒத்தினார். ஒரு குறை சொல்ல முடியாது. ஒயினுக்கு உள்ள வைத்தியம் அத்தனையும் செய்தார். கறை பழுப்பேறி அப்படியே உட்கார்ந்துகொண்டது.

“போகல தொரை.”

“ஏன் போகல?”

“தெரியலைங்க. ஒயினுக்கு உள்ளதைப் பண்ணிட்டேன்.”

சின்னத் துரை வட்ட மேசையை இழுத்து அதன் மேல் போட்டார். அக்கா கெட்டிலைக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைத்தார். அப்படியே அடுப்புப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பயமா இருக்காக்கா?”

“இப்ப இல்ல. கேட்டப்பதான் பயந்தேன். ரத்தம்னு சொல்லியிருந்தா நான் எடுத்திருக்கணுமே தங்கச்சி. எடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லயத்துக்குப் போவேன்?”

மறுநாள் பெரிய துரையும் துரைசாணியும் திரும்பி வந்திருந்தார்கள். மத்தியானம் கோலசிலாங்கூரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், நிதானமான மனிதர். ஆஸ்பத்திரியில் கண் விழித்த பெருமாள், தன்னைப் பங்களாவில் வைத்து அடித்ததாகச் சொல்லியிருக்கிறான். அதை விசாரிக்க வந்திருந்தார். சின்னத் துரை, அவன் பங்களாப் படியையே மிதிக்கவில்லை என்றார். பெரிய துரை அதை நம்பினார், நம்பத்தான் விரும்பினார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்தார்.

அப்போது அக்கா உள்ளே வந்தார். கையில் துணி, வாளி.

“மேசையை நகத்தணும் துவான். கம்பளம் இன்னும் ஈரமா கெடக்கு. இப்படியே விட்டா நாறிடும்.”

துவான், அதாவது ஐயா என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்து, தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை சொன்னார். யாரும் தடுப்பதற்கு முன்னால் மேசையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி வைத்துவிட்டு, அது என்ன கறை என்று மலாயில் கேட்டார்.

“நானும் அதைத்தான் துவான் கேட்டேன். சின்னத் தொரை ஒயின்னு சொன்னாரு. ஒயினுக்கு உள்ளபடி சுடுதண்ணி ஊத்தினேன். ஒயினா இருந்தா போயிருக்கும்.”

பெரிய துரை சின்னத் துரையைப் பார்த்தார். கதவருகில் நின்ற துரைசாணி கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்பெக்டருக்கும் எங்களுக்கும் சேர்த்துப் புரிகிற மாதிரி மலாயில் மெல்லச் சொன்னார். “இந்த வீட்டில் ஒயின் கிடையாது.”

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அக்கா எப்படிக் குனிவாரோ அப்படியே குனிந்து மோந்து பார்த்தார். அன்று கம்பளத்தைச் சுருட்டி போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னத் துரையும் கூடப் போனார். எங்கள் தோட்டத்துக்கு அவர் திரும்பி வரவே இல்லை. பெருமாளைத் தலையில் கட்டோடு விட்டுவிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெரிய துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பங்களா விஷயம் படிதாண்டிப் போனதை அவரால் தாங்க முடியவில்லை. அக்காவைப் பங்களா வேலையிலிருந்து எடுத்துவிட்டுப் புல் வெட்டும் கும்பலில் சேர்த்தார். அரிசி எடுத்துப் போனது குற்றம்தான் என்று சொல்லி, காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற பட்டியலில் பெருமாளைச் சேர்க்கவில்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. குழந்தையையும் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுத்தோம். எவ்வளவு நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்?

அக்கா முக்காடு போட்டுக்கொண்டு வெயிலில் புல் வெட்டினார். மேட்டைப் பார்த்துக்கூடத் திரும்பமாட்டார்.

துரைசாணிதான் தவித்தார். ஆபீஸ் அறைக்குப் புதுக் கம்பளம் வந்து, அதிலும் கறை ஏறிவிட்டது. வேறு ஆள் வைத்துப் பார்த்தார், தேய்த்துத் தேய்த்து நூலைப் பிய்த்ததுதான் மிச்சம். ஆனால் கம்பளத்துக்காக மட்டும் அவர் தவித்தார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, தமிழில் எடுத்துச் சொல்லத் துணைக்கு வா என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். காவல்காரர்கள் முன்னும் பின்னும் வர, புல் வெட்டுகிற மர வரிசைக்கே போய் இறங்கினார். வெள்ளைக்காரப் பெண்கள் யாரும் அந்த நாளில் அப்படி மரங்களுக்கு நடுவில் வந்து நிற்க மாட்டார்கள்.

பெண்கள் எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டு நின்றார்கள். அக்கா மட்டும் குனிந்தபடியே இருந்தார்.

“பங்களாவுக்குத் திரும்பி வரச் சொல்றாங்கக்கா,” என்றேன்.

அக்கா நிமிர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். துரைசாணியை நேராகப் பார்த்தார்.

“தொரை அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களா?”

நான் சொல்வதற்கு முன்பே துரைசாணிக்குப் புரிந்துவிட்டது. “நானா வந்தேன்,” என்றார் தமிழிலேயே.

“அப்ப நீங்களே தொரைகிட்ட சொல்லுங்கம்மா. பெருமாளு பேரைப் பெரட்டுல கூப்பிடட்டும். அன்னிக்கே வர்றேன். இல்லாட்டி இங்க புல்லு நெறைய கெடக்கு.”

துரைசாணி திரும்பி ஜீப்பில் ஏறினார். அன்று மத்தியானம் துரையும் துரைசாணியும் சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் வைத்த சூப் ஆறிப்போய் அப்படியே திரும்பி வந்தது.

மறுநாள் விடியற்காலையில் நான் பங்களாவுக்குப் போகிற வழியில் பெரட்டுக் களத்தில் நின்றுவிட்டேன். கூட்டம் வரிசை வரிசையாக நின்றது. பெருமாளும் வந்திருந்தான். பேர் இல்லாதவன் என்றாலும் அவன் தினமும் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போவான். கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக “இருக்கேன்” என்றார்கள். கடைசிப் பேரும் முடிந்தது என்று நினைத்தோம். கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பெருமாள்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெருமாள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

“பெருமாள்!” என்றார் கிராணி மறுபடியும்.

பெண்கள் வரிசையிலிருந்து அக்காவின் குரல் களம் முழுக்கக் கேட்டது.

“வந்திருக்கான் கிராணியாரே! நல்லா எழுதிக்குங்க!”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். காவல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அக்கா புல் கத்தியை வேலை வாங்குகிற மண்டோரிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, வெளிச்சம் வரத் தொடங்கியிருந்த பெரிய சாலை வழியாக மேட்டை நோக்கி நடந்தார். நான் அவரோடு நடந்தேன். வேகமாக நடந்தும் என்னால் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.